எஸ்ஓபியில் (விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையில்) கஜா புயலை எவ்வளவு எழுதலாம்?

வேதாரண்யம் பக்கம் உப்பளக் குடும்பம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நான் பத்தாம் வகுப்பு. கரண்ட் இல்லாத முகாமில், அம்மாவின் கால் வெடிப்புப் புண்ணுக்கு ஒரு நர்ஸ் அக்கா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கட்டுப் போட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இப்போது பிஎஸ்சி நர்சிங் முடித்து, வெளிநாட்டில் பொதுச் சுகாதார முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். உப்பளத்துக்காரர்களின் கால் புண், கண் எரிச்சல் பற்றித்தான் படிக்க ஆசை. எஸ்ஓபி 500 சொல். இன்னும் 12 நாள்தான்.

முதல் வரைவு முழுக்கப் புயல். படித்த சீனியர் "அழுகாச்சிக் கதை" என்றார். சரி என்று புயலை எடுத்தேன். யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் போல ஆகிவிட்டது. அப்புறம் ஏஐயிடம் கொடுத்தேன். அம்மாவை "விளிம்புநிலைத் தொழிலாளி" ஆக்கிவிட்டது; அம்மா கேட்டால் சிரிப்பார்.

இப்படி எழுதி இடம் கிடைத்தவர்கள் சொல்லுங்கள்: சொந்தக் கதைக்கு எத்தனை வரி ஒதுக்கினீர்கள்?