நீரில் தொங்கவிட்டு நிறுப்பதற்கு என்ன பெயர்?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புச் செய்முறைத் தாள் நாளைக் காலை ஜெராக்ஸுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் காசிமேட்டில் பொறுக்கி வந்த கல்லை நூலில் கட்டி சுருள்வில் தராசில் தொங்கவிட்டோம், 540 கிராம். அப்படியே வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டால் 340. குறைந்த 200 கிராம் அந்தக் கல் விலக்கிய தண்ணீரின் எடை. 540ஐ 200ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, 2.7. இந்த முறைக்கு ஒரு பெயர் சொல்லுங்கள். 'நிலைநீரியல் எடையறிதல்' என்று போட்டால் பிள்ளைகள் தாளையே மூடிவிடுவார்கள்.

ராயபுரம் தமிழாசிரியர்:
'நீர்த்தூக்கு' என்று வையுங்கள் அம்மா. உயர்த்துவது, தொங்கவிடுவது, நிறுப்பது மூன்றும் தூக்குதான், உங்கள் வகுப்பில் மூன்றும் நடக்கிறதே. குறள் 118-இல் துலாக்கோல் 'சீர்தூக்கும்'. தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாகவே தூக்கைச் சொல்கிறது, பாட்டை ஓசையால் நிறுத்துப் பார்ப்பது என்றுதான் நான் கொள்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து:
ஐயா, 'த்' ஒன்று விட்டுப்போனால் 'நீர்தூக்கு', அதாவது தண்ணீரைத் தூக்கு. லாரி வந்ததும் குடத்தோடு ஓடுகிற தெரு எங்களுடையது, பிள்ளைகள் அப்படித்தான் படிப்பார்கள். 'நீரெடை' போதும்.

வியாசர்பாடியிலிருந்து:
டீச்சர், எனக்கும் நீரெடை சரி. ஆனால் 2.7ஐ மட்டும் வைத்துக் கல்லுக்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள். கிரானைட் 2.6இலிருந்து 2.7, பல்லாவரத்து சார்னோக்கைட்டும் ஏறக்குறைய அங்கேயேதான், பசால்ட் 3ஐ ஒட்டி வரும். நாம் மூன்றையும் கருங்கல் என்போம்! எனக்கு ஆதங்கம் அதில்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடக்கும் கல்லை வைத்து 1893இல் புவியியலாளர் ஹாலந்து இட்ட பெயர் சார்னோக்கைட். நம்மூர்க் கல்வகைக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. 'பல்லாவரக்கல்' என்றாவது எழுதலாம். அப்புறம், செங்கல் துண்டை நிறுத்தால் குமிழி அடங்கும்வரை காத்திருங்கள், துளைக்குள் காற்று இருக்கும்வரை கணக்கு தப்பும்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
இரண்டு பேர் நீரெடை என்கிறீர்கள், மணி பதினொன்றாகிறது, அதையே போடுகிறேன். ஐயா மன்னிக்க வேண்டும். பல்லாவரக்கல்லை அடுத்த வாரம் பேசுவோம்.

ராயபுரம் தமிழாசிரியர்:
போடுங்கள் அம்மா. ஆனால் நீரெடை என்றால் நீரின் எடை என்றும் பொருள்படும். அந்தக் கட்டத்தில் 340 எழுத வேண்டிய பிள்ளை 200 எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள், அதன் தமிழ் சரியானது.