டர்பன்–மாரிட்ஸ்பர்க் ஏடிஎம் இணைப்பு: சின்ன பிங் போகிறது, பெரியது விழுகிறது

வெஸ்ட்வில்காரன்:
டர்பனில் ஒரு லினக்ஸ் கிளஸ்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இன்னொன்று. நடுவில் ஏடிஎம் (பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, தரவைச் சின்னச் சின்ன ‘செல்’களாக வெட்டி அனுப்பும் நெட்வொர்க்). இரண்டு பக்கமும் சிஸ்கோ 7200 ரவுட்டர், எஸ்டிஎம்-1 (155 மெகாபிட்) போர்ட். கேரியர் (லைன் தரும் நிறுவனம்) கொடுத்தது 10 மெகாபிட் பிவிசி (நிரந்தர மெய்நிகர் இணைப்பு) ஒன்று. ரவுட்டரில் ‘பிவிசி 1/100’ (அந்த இணைப்பின் எண்), ‘ஏஏஎல்5ஸ்நாப்’ (பாக்கெட்டைச் செல்லில் அடைக்கும் முறை) இரண்டும் போட்டேன், வேறெதுவும் இல்லை. 100 பைட் பிங் ஒன்றுகூடத் தவறுவதில்லை. 1500 பைட் என்றால் பாதி காணோம். ஆர்சிங்க் (கோப்பு நகலெடுப்பு) தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. மாரிட்ஸ்பர்க் ரவுட்டரில் சிஆர்சி பிழை (பாக்கெட் சிதைந்து வந்தால் கூடும் எண்) ஏறிக்கொண்டே போகிறது. கேரியரோ லைன் சுத்தம் என்கிறார்கள். யாராவது பார்த்ததுண்டா?

ஃபீனிக்ஸ்வாசி:
சிஆர்சி என்றாலே ஃபைபர்தான். பேட்ச் கார்டைத் துடைத்துப் பாருங்கள்.

பழைய செல்காரர்:
துடைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் இது ஃபைபர் இல்லை தம்பி. ‘ஷோ கன்ட்ரோலர்ஸ்’ பாருங்கள். அதில் பிஐபி பிழை (லைனிலேயே பிட் கெட்டால் கூடும் எண்) ஏறவில்லை என்றால் லைனை விட்டுவிடலாம்.

1500 பைட்டோடு ஸ்நாப் தலைப்பு 8, ஏஏஎல்5 வால் 8. மொத்தம் 1516, 48 பைட்டாக வெட்டினால் 32 செல். 10 மெகாபிட்தான் வாங்கியிருக்கிறோம் என்று உங்கள் ரவுட்டருக்கு யார் சொன்னது? அது 155 மெகாபிட் வேகத்தில் அத்தனையையும் ஒரே மூச்சில் தள்ளுகிறது, கேரியர் சுவிட்ச் அளவுக்கு மீறியதைக் கத்தரிக்கிறது. 32-ல் ஒரு செல் போனாலும் மறுமுனையில் முழுப் பாக்கெட்டும் சிஆர்சி பிழைதான். 100 பைட் பிங் மூன்றே செல், அதனால் தப்பிக்கிறது.

பிவிசிக்குள் ‘விபிஆர்-என்ஆர்டி 10000 10000’ போடுங்கள், இரண்டு பக்கமும். அது ஷேப்பிங், அதாவது அனுப்பும் வேகத்தை 10 மெகாபிட்டுக்குள் (10000 கிலோபிட்) கட்டுப்படுத்துவது. அப்புறம், அந்த 10 மெகாபிட் செல் தலைப்பையும் (செல்லுக்கு 5 பைட்) சேர்த்த கணக்கா என்று கேரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். சேர்த்துத்தான் என்றால் முழு அளவு பாக்கெட்டிலும் ஐபிக்கு மிஞ்சுவது 8.8 மெகாபிட்.

வெஸ்ட்வில்காரன்:
ஷேப்பிங் போட்டதும் சிஆர்சி நின்றுவிட்டது அண்ணா! என்எஃப்எஸ்ஸுக்காக (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) ஏடிஎம் போர்ட்டின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 4470-லிருந்து 9180 ஆக்கலாமா?

பழைய செல்காரர்:
கிளஸ்டர் ஈதர்நெட் 1500-லேயே இருந்தால் எதற்கு? ஒரு பைட்கூட மிச்சமாகாது. மாற்றியே தீருவேன் என்றால் இரண்டு முனையிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழியைப் பகிரும் நெறிமுறை) எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே உட்கார்ந்துவிடும். எம்டியூ பொருந்தாததைக் கண்டுகொள்ளாமல் விடும் ‘எம்டியூ-இக்னோர்’ போட்டு அதை மூடி மறைக்க வேண்டாம்.

ஐபி மட்டும்தான் ஓடுகிறது என்றால் ஸ்நாப்பை எடுத்துவிட்டு இருபுறமும் ‘ஏஏஎல்5மக்ஸ் ஐபி’ வையுங்கள், அதில் அந்த 8 பைட் ஸ்நாப் தலைப்பு கிடையாது. 40 பைட் டிசிபி ஏசிகே (‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்), வால் 8, ஆக 48. சரியாக ஒரு செல். ஸ்நாப்பில் அதற்கு இரண்டு செலவாகும்.