அடுப்பை அணைச்சா போதுமா? கடலை வறுத்த கதைகள்

மல்லாட்டைப் பேத்தி:
போன வாரம் சட்னிப்பொடிக்குன்னு அரை கிலோ வேர்க்கடலை வறுத்தேன். இரும்பு வாணலி, சின்னத் தீ, கை ஓயாத கிளறல், எல்லாம் சரியாத்தான் போச்சு. படபடன்னு தோல் வெடிக்கிற சத்தம் கேட்டு ஒண்ணை நசுக்கிப் பார்த்தேன், பருப்பு லேசா சிவந்திருந்துச்சு. அடுப்பை அணைச்சேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன். பத்து நிமிஷம் கழிச்சு வந்து தோலை ஊதினா, உள்ளே காப்பிக்கொட்டை நிறம். காசு போட்டதாச்சேன்னு அரைச்சும் பார்த்தேன். மிளகாய், பூண்டு, புளி எதைக் கூட்டினாலும் அந்தக் கசப்பு அடங்கலை.

கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிட்டாருன்னு திண்டிவனத்துல இருக்கிற எங்க ஆயாகிட்டப் புலம்பினேன். "அடுப்பை நீ அணைச்ச, சட்டியை யாருடி அணைக்கிறது?"ன்னு கேட்டுச்சு. நியாயம்தான். இரும்பு சூட்டை விடாது. மல்லாட்டையில (எங்க பக்கம் வேர்க்கடலைக்கு அந்தப் பேர்தான்) கிட்டத்தட்ட பாதி எண்ணெய், அது தன் எண்ணெயிலேயே பொரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. ஒரு நிறம் குறைச்சலா இருக்கும்போதே முறத்துல கொட்டிப் பரப்பணுமாம். சூட்டுல வாயில போட்டா நமுத்த மாதிரிதான் இருக்கும். அதை நம்பி இன்னும் வறுத்தா போச்சு. மொறுமொறுப்பு ஆறினப்புறம்தான் வரும்.

கச்சான்சரை:
வேர்க்கடலையை நாங்கள் கச்சான் எண்டுதான் சொல்லுறது. யாழ்ப்பாணத்தில நல்லூர்த் திருவிழா நேரம் வீதியில வரிசையாக் கச்சான் கடை இருக்கும். தாச்சியில மணலைச் சூடாக்கி, அதுக்குள்ள கச்சானைப் போட்டுப் பிரட்டிக்கொண்டே இருப்பினம். மணல் ஏன் எண்டு சின்னனில விளங்கேல்ல. வெறுந்தாச்சியில அடியில படுற பக்கம் மட்டும் கருகும். சூடான மணல் சுத்திவர மூடுறதால எல்லாப் பக்கமும் ஒரே சீரா வறுபடும்.

இப்ப நான் இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில, பதினோராம் மாடி. மணலுக்கு எங்க போறது? உப்பிலதான் வறுக்கிறன். முதல்தரம் தூளுப்புப் போட்டுப் பிழைச்சுப்போச்சு. கழுவின ஈரமும் காயேல்ல, உப்பு முழுக்க ஒட்டி வாயில வைக்கேலாமல் இருந்தது. கல்லுப்பு எண்டால், கச்சானும் நல்லாக் காய்ஞ்சிருந்தால், அரிதட்டில அரிச்சதும் உப்பு கீழ, கச்சான் மேல. அந்த உப்பைப் போத்தலில போட்டு நாலு மாசமாத் திருப்பித் திருப்பிப் பாவிக்கிறன். சாம்பல் நிறமாப் போச்சு. மனுசி அதைக் கறிக்குப் போட்டது வேற கதை.

பண்ருட்டிக்காரன்:
கடலையை விடுங்க, முந்திரி அதைவிட அவசரக்காரன். சின்ன வயசுல தோப்புல பொறுக்கின கொட்டையைத் தகரத்துல போட்டுச் சுடுவோம். ஓட்டு எண்ணெய் குபுக்குன்னு தீப்பிடிக்கும், புகை கண்ணைக் கரிக்கும். ஒரு தடவை சரியா வேகாத கொட்டையைப் பல்லால கடிச்சு உடைச்சேன். உதடு வெந்து ஒரு வாரம் கஞ்சிதான். அந்த எண்ணெய் பட்டா தோல் உரியும்னு எங்க ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் புத்தி வரலை. கடைப் பருப்புல அந்தப் பயம் இல்லை, ஓடு போயிடுது.

வெண்பொங்கலுக்கு வறுக்கிறவங்க நெய் காயுறதுக்கு முன்னாடியே முந்திரியைப் போடுங்க. புகையுற நெய்யில போட்டா ஓரம் சிவந்து நடு வெள்ளையா நிக்கும். ஓரத்துல பொன்னிறம் எட்டிப் பார்த்ததும் அள்ளித் தனியா வச்சுட்டு, அதே நெய்யில மிளகு, சீரகம், இஞ்சி. முந்திரி பரிமாறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சேர்ந்தா போதும், இல்லைன்னா ஊறிடும். குருமாவுக்கு வறுக்கவே கூடாது. வெந்நீர்ல ஊற வச்சு அரைச்சாதான் அந்த வெள்ளை நிறம்.

செக்குவீட்டுப் பிள்ளை:
மைக்ரோவேவ் ஆளுங்க யாரும் இல்லையா? ஒரு கப் கடலையைத் தட்டுல பரப்பி, நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் கிளறணும். வெளியே வெளுப்பாத் தெரியும், உள்ளே கருகியிருக்கும். நிறத்தை நம்பாம ஒண்ணை உடைச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. எங்க மாமா செக்கு வச்சிருந்தார். மூட்டை பிரிச்சதும் பச்சை பூத்தது, சுருங்கினது, காறல் வாடை அடிக்கிறது எல்லாத்தையும் உட்கார்ந்து பொறுக்க வைப்பார். வறுத்தா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க. பூஞ்சையில வர்ற அஃப்ளடாக்சின்ங்கிற நஞ்சு நம்ம வாணலிச் சூட்டுல முழுசா அழியாது. தயங்காம வீசிடுங்க.

மல்லாட்டைப் பேத்தி:
நேத்து மறுபடி வறுத்தேன். இந்தத் தடவை முறம் பக்கத்துலயே. நல்லா ஆற வச்சு, கையால தேய்ச்சு, பால்கனியில புடைச்சேன் (கீழ்வீட்டுக்காரங்க மன்னிக்கணும்). ஒரு கப் கடலைக்கு ஆறு வரமிளகாய், தோலோட நாலு பல் பூண்டு, துளி புளி, உப்பு. மிக்சியை விட்டு விட்டு ஓட்டணும். தொடர்ந்து ஓட்டினா எண்ணெய் விட்டு விழுதாயிடும்.

பாதி வறுக்கும்போது நாத்தனார் கூப்பிட்டாங்க. எடுக்கலை. பொடியை டப்பாவுல போட்டு மூடிட்டுத்தான் திரும்பக் கூப்பிட்டேன். விஷயம் கேட்டுட்டு, அவங்களுக்கும் ஒரு டப்பா வேணுமாம்.