புதுப்பிப்பு: ஏர் இந்தியா 747 ஜன்னல் வளைவுகள் ஒருவழியாகப் பொருந்திவிட்டன

எக்ஸ்-பிளேன் 11 என்ற விமான சிமுலேட்டரில் உள்ள போயிங் 747-400-க்கு ஏர் இந்தியாவின் பழைய வண்ணம் பூசுகிறேன், ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் வரும் சிவப்பு ஜரோக்கா (ராஜஸ்தான் அரண்மனை ஜன்னல் பாணி) வளைவு மூக்குப் பக்கம் போகப் போக இழுபட்டுத் தெரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் எளிது. உடலின் நடுப்பகுதி உருளை, அதை விரித்தால் படம் நேராக வரும். மூக்கு அப்படி இல்லை. அங்கே தட்டையான படத்தில் சரியாக இருக்கும் வளைவு விமானத்தில் ஏறியதும் கோணிக்கொள்கிறது. அதனால் நடுப்பகுதிக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் ஒரே ஒரு வளைவை வரைந்து ஜன்னல் இடைவெளிக்கேற்ப நகலெடுத்தேன். முன்பக்க ஜன்னல்களுக்கு மட்டும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடலின் மேலேயே நேரடியாக வரைந்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், சிவப்புக் கோடுகள் திட்டுத்திட்டாகத் தெரிந்ததற்குக் காரணம் படம் அல்ல. கிராஃபிக்ஸ் அமைப்பில் டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) சுருக்கத்தை நிறுத்தியதும் தெளிவாகிவிட்டது. வெள்ளைமேல் மெல்லிய சிவப்பு என்றாலே இந்தச் சுருக்கம் சொதப்பும். பதிலுக்கு வீடியோ நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும்.

மாற்றிய படங்களை மட்டும் லிவரி (விமானத்தின் வண்ணத் தோற்றம்) கோப்புறையில், மூலப் பெயரிலேயே வைத்தால் போதும். மற்றதை சிமுலேட்டர் இயல்பு வண்ணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வால் பகுதி இன்னும் பாக்கி. 1971-இல் வந்த ஏர் இந்தியா விமானம் 'எம்பரர் அசோகா'வையும் செய்யச் சொன்னீர்கள். அது 747-200, மேல்தளம் குட்டை, விங்லெட் (இறக்கை நுனியில் மேல்நோக்கி நிற்கும் பகுதி) கிடையாது. 400-இன் மேல் அந்தப் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.