புதுப்பிப்பு: பறவைகளுக்கு வைத்த பழத்தில் அணில், காகத் தொல்லை தீர்ந்தது

யாழ்ப்பாணத்தில் எங்கள் பின்வளவில் பறவைகளுக்கு வைக்கும் பப்பாசியை அணிலும் காகமும் முடித்துவிடுகின்றன என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.

பழத்தட்டு வைத்த கம்பத்தில் அணில் ஏறாதபடி கிறீஸ் பூசும் யோசனையை விட்டுவிட்டேன். இறகில் ஒட்டினால் பறவைக்குக் கேடு. பலன் தந்தது தகரக் கூம்பு. வாய் கீழே பார்க்கும்படி கம்பத்தின் நடுவில் மாட்டினேன், அணில் அதற்கு மேல் ஏறவில்லை. பக்கத்தில் கிளை இருக்கக்கூடாது, பாய்ந்துவிடும்.

காகத்துக்கு, தட்டை எடுத்துவிட்டுக் கம்பியில் ஆடும் சிரட்டையில் பழத்தை வைத்தேன். காகம் உட்கார்ந்தால் சரிகிறது. கொண்டைக்குருவி நிம்மதியாகக் கொத்துகிறது.

அப்புறம், எதிர்பாராத வரவு செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை! சிவப்பு நெற்றி, கண்ணைச் சுற்றி மஞ்சள், அலகடியில் மீசைபோல் முடி. விளிம்பைப் பற்றிக்கொண்டு பழத்தைக் குடைந்தே தின்கிறது.