30-க்கு 50 மனை, கீழும் மேலும்: ஆர்க்கிடெக்டை எதை வைத்து முடிவு செய்வது?

மனைவாசி:
திருச்சி புறநகரில் 30-க்கு 50, கிழக்குப் பார்த்த மனை. கீழும் மேலுமாக 1,800 சதுர அடி, 45 லட்சத்துக்குள் முடிய வேண்டும். ஒருவர் கட்டுமானச் செலவில் 5 சதவீதம் கேட்கிறார், இன்னொருவர் சதுர அடிக்கு 40 ரூபாய். காண்ட்ராக்டர் "வேலையை எனக்கே குடுங்க, பிளான் சும்மா போட்டுத் தரேன்" என்கிறார். மூவருமே த்ரீடி படம்தான் காட்டுகிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோட்டுப்படம்:
த்ரீடியை ஓரமாக வையுங்கள் சார். அது வெளியில் கொடுத்து வாங்கக்கூடிய சரக்கு. ஒவ்வொருவரிடமும், அவர் கட்டி முடித்த ஒரு வீட்டின் வேலை வரைபடங்களை (சைட்டில் பார்த்துக் கட்டும் படங்களை), உரிமையாளர் பெயரை மறைத்தாவது, காட்டச் சொல்லுங்கள். சென்டர் லைன் (சுவர், தூண்களின் மையக்கோடு), அஸ்திவாரம், பீம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ஸ்லாப் கம்பி, கதவு ஜன்னல் அட்டவணை, கரண்ட் பாயின்ட், தண்ணீர் லைன் எல்லாம் தனித்தனித் தாளாக இருக்க வேண்டும். நாலே தாள்தான் என்றால் மிச்சத்தை மேஸ்திரி சைட்டில் முடிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

முதலில் மாடிப்படியைப் பாருங்கள், ஆள் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம் என்றால் 120 அங்குலம். 18 ஏற்றமாக (படியின் உயரம்) பிரித்தால் ஒவ்வொன்றும் 6.67 அங்குலம், நல்ல அளவு. நேர்ப்படியாக இருந்தால் 17 மிதி (கால் வைக்கும் இடம்), 10 அங்குலம் வீதம் 14 அடி 2 அங்குல நீளம் வேண்டும். பிளானில் 12 அடிதான் விட்டிருந்தால் மிதி எட்டரை அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். இறங்கும்போது குதிகால் இடிக்கும். அடுத்து, மேல்மாடி பாத்ரூம் எந்த அறைக்கு மேல் வருகிறது என்று பாருங்கள். ஹாலுக்கு மேல் வந்தால் கழிவுக் குழாய் ஹால் சீலிங்கில் தொங்கும்.

அளவுகோல்:
பணக் கணக்கு. 45 லட்சத்துக்கு 5 சதவீதம் 2,25,000. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம், 40,500 கூடும், ஆக 2,65,500. சதுர அடிக்கு 40 என்றால் 72,000. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. 72,000-இல் ஸ்ட்ரக்சுரல் டிசைன் (கட்டடம் தாங்குவதற்கான கம்பி, கான்கிரீட் கணக்கு) உண்டா, சைட்டுக்கு எத்தனை முறை வருவார், பிளானை எத்தனை தடவை மாற்றித் தருவார் என்று எழுதி வாங்கிய பிறகுதான் மலிவா இல்லையா என்றே சொல்ல முடியும்.

சதவீதம் பேசினால் மதிப்பீட்டுத் தொகையின் மேல் பேசி, அதையே நிலையான தொகையாக்கிவிடுங்கள். கடைசி பில்லின் மேல் என்றால், நீங்கள் இத்தாலி மார்பிள் போட்டால் அவர் கூலியும் ஏறும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வேலை வரைபடம் முழுதாகக் கைக்கு வருமுன் பாதிக்கு மேல் போகக் கூடாது.

இலவச பிளானா? பில் போடுபவரும் பில்லைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆள். அவ்வளவுதான் அதில் விஷயம்.

விதிமுறை:
1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 'சிஏ' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆனால் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, அந்தச் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான். சிவில் இன்ஜினியர் வீடு வடிவமைப்பது அதன்படி குற்றமில்லை.

உங்கள் மனை, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்று தரும், தமிழ்நாட்டில் 2024-இல் வந்த சுயசான்று முறைக்குள் வரும் (2,500 சதுர அடி வரை மனை, 3,500 வரை கட்டடம், தரையும் முதல் தளமும்). ஆன்லைனில் உடனே அனுமதி. பொறுப்பு உரிமையாளர் தலையில். அனுமதி வாங்கிய படமும் கட்டுகிற படமும் வேறுவேறாகப் போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அனுமதிப் படத்தை வைத்தே அஸ்திவாரம் தோண்டவும் கூடாது, அதில் கம்பி விவரம் இருக்காது.

கம்பிக்கட்டு:
கோட்டுப்படம் ஆர்க்கிடெக்டை மட்டும் வைத்தே பேசுகிறார், அதில் உடன்படவில்லை. இந்த அளவு வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் இல்லாமலும் சமாளிக்கலாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாமல் முடியாது. யாரைப் பிடித்தாலும் மண் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அஸ்திவார அளவு அதை வைத்துத்தான் வரும். கரிசல் மண் என்றால் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் வெடிக்கும். சம்பையும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்கையும் முதல் படத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். காலம் (கான்கிரீட் தூண்) அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டினால் அடிமண் சரியும்.

இன்ஜினியரின் சைட் வருகையை எண்ணிக்கையாக எழுதாமல் கட்டமாக எழுதுங்கள்: மார்க்கிங் (மனையில் அளவு குறிப்பது), அஸ்திவாரக் கம்பி, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் கான்கிரீட் போடுமுன், பூச்சுக்கு முன் குழாய். கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம், அஸ்திவாரத்துக்கு 50, காலத்துக்கு 40, ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லி முட்டுக் கொடுத்திருந்தால் கான்கிரீட்டை நிறுத்தும் அதிகாரம் இன்ஜினியருக்கு உண்டு என்று காண்ட்ராக்டர் ஒப்பந்தத்திலும் வர வேண்டும். இல்லையென்றால் இன்ஜினியர் சொல்வார், காண்ட்ராக்டர் கேட்க மாட்டார்.

மனைவாசி:
நன்றி. வாஸ்து பார்ப்பவரை எப்போது கூப்பிடுவது?

கோட்டுப்படம்:
முதல் ஒற்றைக்கோட்டுப் பிளான் (அறைகளின் இடத்தை மட்டும் காட்டும் முதல் வரைவு) வந்த அன்றே. காலம் லேஅவுட் முடிந்தபின் அடுப்படியை நகர்த்தினால் ஸ்ட்ரக்சுரல் கணக்கும் திரும்பப் போட வேண்டும், அதற்குத் தனிக் கூலி கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான்.