போலோ ஜிடி டிஎஸ்ஐ: ரெண்டாவது கியர்ல நடுக்கம் – கிளட்சா, ஆயிலா, ஓட்டுற விதமா?

உள்ளகரம் வாசி
வண்டி 2017 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வெச்சுத் தானா கியர் மாத்துற கியர்பாக்ஸ்). 82,000 கிலோமீட்டர். ஒண்ணிலிருந்து ரெண்டாவது கியருக்கு ஏறும்போது, 10–15 வேகத்துல, சீட்டு வரைக்கும் நடுக்கம். வண்டி சூடானா அதிகம். மீட்டர்ல எச்சரிக்கை எதுவும் எரியல. ஒரு மெக்கானிக் கிளட்ச் செட் மாத்தணும்ங்கறார். இன்னொருத்தர் ஆயில் மாத்தினா போதும்ங்கறார். மூணாவது ஆள், சிக்னல்ல நியூட்ரல் போடாததோட விளைவுங்கறார். எது சரி?

டார்க் ரெஞ்ச்
மூணு பேருமே ஸ்கேனர் மாட்டாம ஜோசியம் சொல்லியிருக்காங்க.

இந்த வண்டியில இருக்கிறது டிக்யூ200ங்கற கியர்பாக்ஸ். ரெண்டு உலர் கிளட்ச். கே1 கிளட்ச் 1, 3, 5, 7 கியருக்கு. கே2 கிளட்ச் 2, 4, 6, ரிவர்ஸுக்கு. நடுக்கம் ரெண்டாவது கியர்ல மட்டும்னா சந்தேகம் கே2 மேல. இதை வீட்டிலேயே பார்க்கலாம்: அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவுல ரிவர்ஸ்ல மெதுவா ஏத்துங்க. அங்கேயும் அதே நடுக்கம் வந்தா கே2தான். ரிவர்ஸ்ல நடுக்கம் இல்லாம போய், ரெண்டாவது கியர் மட்டும் உதறினா வேற இடத்தையும் பார்க்கணும்.

அந்த "வேற இடம்" என்னன்னா: என்ஜினைக் கீழே இருந்து பிடிச்சுக்கிற டார்க் மவுன்ட்டோட ரப்பர் கிழிஞ்சிருந்தா இதே மாதிரி உதறும். ஒரு சிலிண்டர்ல இக்னிஷன் காயில் சோர்ந்து மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியா பத்தாம போறது) ஆனாலும் கிளட்ச் நடுக்கம் மாதிரியே தெரியும். மிஸ்ஃபயர் கணக்கை ஸ்கேனர்ல சிலிண்டர் வாரியா பார்க்கலாம். கூடவே பேட்டரி வோல்டேஜ், எர்த் கம்பி. கியர்பாக்ஸ் பம்ப் மோட்டார் நிறைய கரன்ட் இழுக்கும். பேட்டரி சோர்ந்தா பாக்ஸ் மேல பொய்யா பழி விழும்.

நியூட்ரல் நாயகன்
பரிசோதனை எல்லாம் சரி. ஆனால் காரணத்தை விட்டுவிட்டீர்கள். கத்திப்பாராவில் மாலை ஆறரைக்கு அடிக்கு அடி நகர்கிற வண்டியில் டி-யிலேயே (டிரைவ்) காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உலர் கிளட்ச் சூடேறாமல் என்ன செய்யும்? எண்ணெயில் குளிக்கிற கிளட்சுக்கு வெப்பத்தை எண்ணெய் இழுத்துக்கொள்ளும். இதற்கு அந்த வசதி கிடையாது. பத்து விநாடிக்கு மேல் நின்றால் என்-னில் (நியூட்ரல்) போட வேண்டும்.

டார்க் ரெஞ்ச்
பாதி சரி. மேனுவல் வண்டியில பெடலை மிதிச்சா கிளட்ச் பிரியும், விட்டா சேரும். டிக்யூ200ல நேர் எதிர். சும்மா இருக்கும்போது கிளட்ச் திறந்தே இருக்கும். மெக்கட்ரானிக்ஸ் (கியரையும் கிளட்சையும் இயக்குற கன்ட்ரோல் யூனிட்) ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்து லீவரைத் தள்ளினாதான் சேரும். பிரேக்கை நல்லா மிதிச்சு நிக்கிறப்போ டி-யில இருந்தாலும் கிளட்ச் பிரிஞ்சுதான் இருக்கு. உரசல் இல்ல, அதனால உரசற சூடும் இல்ல.

கிளட்சைத் தின்னுறது நிக்கிறது இல்ல, ஊர்றது. பிரேக்கை அரைகுறையா விட்டு அரை அடி, மறுபடி அரை அடி. அப்ப பாக்ஸ் கிளட்சை உரசவிட்டு வண்டியை நகர்த்தும். முன்னாடி ரெண்டு மூணு வண்டி இடம் விழட்டும், அப்புறம் பிரேக்கை முழுசா விட்டு ஒரே மூச்சுல போங்க. நடுவுல ஆட்டோ நுழையும், நுழையட்டும். அடிக்கு அடி நகர்ற இடத்துல லீவரை மேனுவல் பக்கம் தள்ளி 1ல நிறுத்திக்கோங்க. டி-யில விட்டா 10 வேகத்துலேயே ரெண்டாவதுக்கு ஏத்திடும், அங்கேதான் கே2 அடி வாங்குது.

நியூட்ரல் நாயகன்
நல்லா மிதிச்சால்தானே பிரியும்? நம் ஊரில் எத்தனை பேர் பிரேக்கை நல்லா மிதிக்கிறார்கள்? பெடல் மேல் செருப்பை லேசாகச் சாய்த்துவைத்து, வண்டி அரை அங்குலம் அரை அங்குலமாக ஊர்வதைக் கவனிக்காமல் போனில் மேப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என்-னும் ஹேண்ட் பிரேக்கும் பாதுகாப்பு. போலோவில் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்ட் வேறு இல்லை.

டார்க் ரெஞ்ச்
அது ஓட்டுறவங்க காலுக்கு மருந்து, கியர்பாக்ஸுக்கு இல்ல. ரயில்வே கேட்ல அஞ்சு நிமிஷம் நிக்கணும்னா என்-னும் ஹேண்ட் பிரேக்கும் போடுங்க, யாரும் தடுக்கல. சிக்னலுக்குச் சிக்னல் தட்டிக்கிட்டே இருந்தா ஒரு நாள் என்-ல இருக்கிறதை மறந்து ஆக்சிலரேட்டரை மிதிச்சு, என்ஜின் கத்த, பதறி டி-க்கு இழுப்பீங்க. அதுக்கு டி-யிலேயே நிக்கிறது எவ்வளவோ மேல்.

மேட்டுல ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வண்டியை நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தா முதல்ல அதை விடுங்க. பிரேக்கை விட்டப்புறம் ஹில் ஹோல்ட் பிடிக்கிற ஒண்ணு ரெண்டு விநாடிக்குள்ள கிளம்பிடணும்.

கொங்கு டர்போ
ஓட்டுறதைப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க. 82,000 ஓடுன பாக்ஸ்ல ஃபேக்டரி ஆயிலே கிடக்குது, அதை யாரும் கேட்கலீங்க. "ஆயுளுக்கும் மாத்த வேண்டாம்"ங்கறது கம்பெனி சொல்ற ஆயுள், நம்ம வெச்சிருக்கற ஆயுள் இல்லீங்க. 60,000த்துல மாத்தறதுதான் முறை.

டார்க் ரெஞ்ச்
60,000ங்கறது ஆறு கியர் டிக்யூ250க்குச் சொன்னது. ஆக்டேவியா டீசல்ல வந்த ஈர கிளட்ச் பாக்ஸ். அதுல கிளட்ச் தூள் ஆயில்லேயே கலக்கும், ஃபில்டரும் இருக்கு. அதனால ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம். இங்க கிளட்ச் வெளியே காய்ஞ்சு நிக்குது, தூள் பெல் ஹவுசிங்ல, அதாவது கிளட்சை மூடியிருக்கிற கூட்டுல விழுது. ஆயிலுக்கும் கிளட்ச் நடுக்கத்துக்கும் நேரடித் தொடர்பே இல்ல.

கொங்கு டர்போ
கிளட்சுக்குச் சம்பந்தம் இல்லீங்க, ஒத்துக்கறேன். கியருக்கும் பேரிங்குக்கும் இருக்குதுங்களே? 2013ல ஃபோக்ஸ்வேகன் உலகம் பூரா இதே ஏழு கியர் பாக்ஸைத் திரும்பக் கூப்பிட்டு சிந்தெட்டிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்துச்சு. வெக்கையும் ஈரமும் இருக்கற ஊர்ல, நின்னு நின்னு போற ஓட்டத்துல, எலக்ட்ரிக்கல் கோளாறு வருதுன்னு அவங்களே சொன்னாங்க. ஆயில் அவ்வளவு பெரிய விஷயம்னா பத்து வருசம் அதையே விட்டு வைக்கலாமுங்களா?

பண்றவங்க இதைக் கவனிங்க. உள்ள ரெண்டு தனி அறை. கியர் பக்கம் 1.7 லிட்டர் கியர் ஆயில். மெக்கட்ரானிக்ஸ் பக்கம் சுமார் 1 லிட்டர் ஹைட்ராலிக் ஆயில். ரெண்டும் வேற வேற. மாத்தி ஊத்திட்டா கதை முடிஞ்சுதுங்க. டிப்ஸ்டிக் கிடையாது, அதனால வடிச்ச ஆயிலை அளவுக் குடுவையில அளந்து எழுதி வெச்சுக்கணும். கியர் பக்கம் 1.7க்குக் கணிசமா கம்மியா வந்தா எங்கயோ ஒழுகுது. பேட்டரி, அதோட தட்டு, ஏர் ஃபில்டர் டப்பா எல்லாம் கழட்டினாதான் மேல காத்து போய் வர இருக்கற மூச்சு மூடிக்குக் கை போகும். அதைத் திறக்கறதுக்கு முன்னால சுத்தி இருக்கற மண்ணை பிரஷ்ஷும் துணியும் வெச்சு சுத்தம் பண்ணுங்க. ஒரு மணல் துகள் உள்ள போச்சுன்னா வால்வு ஒட்டிக்கும்.

டார்க் ரெஞ்ச்
கியர் பக்கம் மாத்துறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. நல்லா ஓடுற மெக்கட்ரானிக்ஸை ரோட்டோரத்துல திறக்கிறதுலதான் ஆட்சேபம். 2017 வண்டிக்கு அந்த 2013 ரீகால் பொருந்தாது. அதுவரை வந்த வண்டிகளுக்குத்தான்.

உள்ளகரம் வாசி
ரிவர்ஸ்ல ஏத்திப் பார்த்தேன், அங்கேயும் நடுக்கம் இருக்கு. அப்போ கிளட்ச் செட்டேதானா? கழட்டாம அந்த தூளை மட்டும் வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் போட்டு அடிச்சு எடுக்க முடியாதா?

டார்க் ரெஞ்ச்
அதை மட்டும் செய்யாதீங்க. பெல் ஹவுசிங்குக்குள்ள தண்ணியோ பிரேக் கிளீனரோ போனா லீவர்லயும் பேரிங்லயும் இருக்கிற கிரீஸ் கரைஞ்சு லைனிங் (கிளட்ச் தட்டோட உரசற பரப்பு) மேல பரவும். அப்புறம் உண்மையிலேயே கிளட்ச் மாத்த வேண்டியதுதான். மெக்கட்ரானிக்ஸ் முன்பக்கம், பம்பருக்குப் பின்னாடியே இருக்கு. அதோட கனெக்டரையும் மூச்சு மூடியையும் பார்த்து பிரஷர் கன் நீட்டவே கூடாது. என்ஜின் பே கழுவணும்னா வண்டி ஆறினப்புறம், ஈரத் துணி, மென்மையான பிரஷ், கடைசியா ப்ளோயர். முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தட்டுல வேப்பிலை, புங்க இலை அடைச்சிருந்தா கையால எடுங்க.

அடுத்து செய்ய வேண்டியது அடாப்டேஷன். பாக்ஸ் கொஞ்சம் சூடா இருக்கணும், வண்டி சமதளத்துல, பி-யில, என்ஜின் ஐடில்ல. ஸ்கேனர்ல பேசிக் செட்டிங் ஓடவிட்டா ரெண்டு கிளட்சும் எங்க தொடுதுன்னு பாக்ஸ் புதுசா கத்துக்கும். கடகடன்னு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். முடிஞ்சதும் மேனுவல் மோட்ல ஒற்றைப்படை கியர்ல கொஞ்ச நேரம், இரட்டைப்படை கியர்ல கொஞ்ச நேரம் சீரா ஓட்டணும். நடுக்கம் போயிட்டா சில மாசம் பாருங்க. அடாப்டேஷன் நடுவுலேயே தோத்துப் போனா, இல்ல ரெண்டு வாரத்துல நடுக்கம் திரும்பினா, லைனிங் முடிஞ்சிருக்கு.

காலையில முதல் ரெண்டு மூணு தடவை மட்டும் உதறி அப்புறம் சரியாகுதுன்னா அது வேற. லைனிங் மேல படிஞ்ச ஈரம். அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்.

மூன்றாவது பெடல்
இவ்வளவு பூஜை எதற்கு? 2020ல் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது கம்பெனியே இந்தக் கூட்டணியைக் கைவிட்டது. 1.0 டிஎஸ்ஐ, 110 குதிரைத் திறன், டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது) போட்ட ஆறு கியர் ஆட்டோமேட்டிக். டார்க் அதே 175 நியூட்டன் மீட்டர். நகரத்தில் ஊர்ந்தால் உரசித் தேய கிளட்சே இல்லை. விற்றுவிட்டு அதைப் பழைய வண்டியாக வாங்குங்கள். பத்து வருட வண்டிக்கு மெக்கட்ரானிக்ஸ் போனால் லட்சத்தைத் தாண்டும்.

கொங்கு டர்போ
கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல எஸ் (ஸ்போர்ட்) மோட்ல டிஎஸ்ஜி மாத்தற வேகம் டார்க் கன்வெர்ட்டர்ல வராதுங்க. அதுக்காகத்தானே இந்த வண்டியை வாங்கறோம். மெக்கட்ரானிக்ஸ் போனா முழுசா மாத்தணும்னு எவன் சொன்னான்? ஆயில் அழுத்தத்தைச் சேத்து வெக்கற அக்குமுலேட்டர் திருகி நிக்கற இடத்துல அலுமினியம் வெடிக்கறதுதான் இதோட பிரபலமான நோய். பி17பிஎஃப், பி189சின்னு கோட் வரும், மீட்டர்ல ஸ்பேனர் விளக்கு எரியும், நடுரோட்ல டிரைவ் போயிரும். அந்த ஹவுசிங்கை மட்டும் தடிமனான புதுசு போட்டு மாத்தறாங்க. மெக்கட்ரானிக்ஸைக் கழட்ட பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது பெடல்
வால்வு பாடியை மேசை மேல் பிரித்துப் பூட்டுகிற பட்டறையில் ஏசி அறை இருக்கிறதா, இல்லை பக்கத்திலேயே கிரைண்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கொங்கு டர்போ
நியாயமான கேள்விதானுங்க. கிரைண்டர் ஓடுற இடத்துல குடுக்காதீங்க.

டார்க் ரெஞ்ச்
அக்குமுலேட்டர் நோய்க்கு முன்னறிவிப்பு உண்டு. ராத்திரி முழுக்க நின்ன வண்டியோட டிரைவர் கதவைக் காலையில திறங்க. முன்பக்கத்துலேர்ந்து "ஊஊம்"னு பம்ப் சில விநாடி ஓடி நிக்கணும். நின்னப்புறம் இக்னிஷன் மட்டும் போட்டுக் காது குடுங்க. நின்ன பம்ப் சட்டு சட்டுன்னு திரும்பத் திரும்ப ஓடினா அழுத்தம் நிக்கல. ஸ்கேனர்ல அழுத்தம் விழற வேகத்தைப் பாருங்க. சுமார் 60 பார் வரைக்கும் ஏறி, மெதுவா 40 பக்கம் வந்ததும்தான் பம்ப் மறுபடி ஓடணும்.

கிளட்ச் செட் போடுறதா இருந்தா பட்டறையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டப் போடுற மெல்லிய வளையம்) அளக்கிற கருவி இருக்கா? கே1, கே2 ரெண்டுக்கும் இடைவெளியை அளந்து செட்டோட வர்ற ஷிம்ல சரியானதைப் போடணும். "பழைய ஷிம்மையே போட்டுடலாம்"னு பதில் வந்தா சாவியை வாங்கிட்டுக் கிளம்புங்க. புது கிளட்ச் ரெண்டாவது மாசமே உதறுறதுக்கு இதுதான் முக்கால்வாசிக் காரணம்.

நியூட்ரல் நாயகன்
ரீமேப் போட்டு என்ஜின் சக்தியைக் கூட்டியவர்களையும் சொல்லுங்கள். பாக்ஸின் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான்.

டார்க் ரெஞ்ச்
அந்த ஒரு விஷயத்துல நாம ஒரே கட்சி.

உள்ளகரம் வாசி
சனிக்கிழமை அடாப்டேஷன், டார்க் மவுன்ட், மிஸ்ஃபயர் கணக்கு மூணும் பார்க்கச் சொல்லியிருக்கேன். பம்ப் சத்தம் ஒரு தடவைதான் வருது. ஷிம் கருவி இருக்கிற இடம் விசாரிச்சு வெச்சுக்கறேன். ஒரு கேள்வி: வழியில டிரைவ் போயிட்டா கட்டி இழுத்துக்கிட்டு வரலாமா?

டார்க் ரெஞ்ச்
என்-ல போட்டு, 50 கிலோமீட்டர் தூரத்துக்குள்ள, 50 வேகத்துக்குள்ள. அதுக்கு மேல ஃப்ளாட்பெட்தான். என்-ல விழவே மாட்டேங்குதுன்னா முன் சக்கரம் தரையில படாமதான் எடுக்கணும். கயிறு கட்டுற ஆளுகிட்ட முதல்லேயே சொல்லிடுங்க, அவர் கேட்க மாட்டார்.